மூடாத பள்ளம்

"இந்தப் பள்ளத்துல விரலை வெச்சுப் பாரேன்."

"ஊரார் வாய்க்குள்ள நான் எதுக்குங்க விரலை விடணும்?" என்றாள் மனைவி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியோடு அப்படியே எழுந்து வந்திருந்தாள்.

பல் கட்டுபவர் மேசை விளக்கை இன்னும் தாழ்த்தினார். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. டாக்டர்கள் எடுக்கும் வாய் அளவு இங்கே வரும். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, அச்செடுத்து, அதற்கேற்ற பல்லைச் செய்து அனுப்புவார். முப்பது வருடத்தில் ஊரில் பாதிப்பேர் வாய் அவருக்கு அத்துப்படி. முகம் ஒன்றுகூடத் தெரியாது. அளவோடு வருவது ஒரு எண் மட்டும்தான். இது இருநூற்றுப் பதினாலு.

"ரெண்டு கடைவாய்ப் பல்லு எடுத்திருக்கு. இந்த அச்சு, பல்லு எடுத்த ரெண்டாவது வாரம் வந்தது. இது இன்னிக்கு வந்தது. ஆறு வாரம் ஆச்சு, பள்ளம் அப்படியே இருக்கு பாரு."

"இருந்துட்டுப் போகுது. பல்லைக் கட்டிக் குடுத்தா நம்ம வேலை முடிஞ்சுது."

"மத்த பல்லோட தேய்மானத்தைப் பாரு. எதையோ வெளிய சொல்லாம, பல்லைக் கடிச்சுக்கிட்டே காலம் தள்ளுற ஆளு."

"பல்லைப் பார்த்தே ஜாதகம் சொல்லுவீங்க போல."

"இந்த ஆளுக்குச் சர்க்கரை இருக்கு. அக்காவுக்கும் ஒரு பல்லுலதான் ஆரம்பிச்சுது."

"ஆரம்பிச்சிட்டீங்களா? உங்க அக்கா போனதுலேர்ந்து யாருக்கு ஒரு கொப்புளம் வந்தாலும் நீங்க தூங்குறதில்ல. போன வாரம் எதிர்வீட்டுக்காரர் இருமினதுக்கு நீங்க மாத்திரை முழுங்கினீங்க."

அவர் சிரிக்கவில்லை. அச்சை விளக்குக்கு இன்னும் பக்கத்தில் பிடித்தார்.

"பள்ளம் மூடணும்னா புதுச் சதை வரணும். சதை வரணும்னா மொதல்ல அங்க ரத்தம் போக வழி வேணும். முடியைவிட மெல்லிசா, புதுசு புதுசா ரத்தக்குழாய் முளைச்சு வரும். சர்க்கரை ஏறிக் கிடந்தா அது சரியா முளைக்காது. ஈறு பட்டினி கிடக்கும். கிருமிக்குக் கொண்டாட்டம்."

"நீங்க பல்லு கட்றவரா, டாக்டரா?"

"அக்கா பக்கத்துல ஒன்பது வாரம் உட்கார்ந்தவன்."

அவள் கத்தியை மேசையில் வைத்தாள். பிறகு, "ஆறவே ஆறாதா?" என்று கேட்டாள்.

"ஏன் ஆறாது? சர்க்கரையை இறக்கினா ஆறிடும். மறைச்சு வெச்சாத்தான் ஆபத்து. இரு, என் போன்லேர்ந்து டாக்டரம்மாவுக்குப் போடு. என் கையெல்லாம் மாவு."

"அவங்க வேலையா இருப்பாங்க."

"பரவாயில்ல, போடு."

அவள் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டாக்டரம்மா, இருநூத்திப் பதினாலுக்குச் சுகர் பார்த்தீங்களா?"

"மூணு தடவை கேட்டுட்டேண்ணே. இல்லவே இல்லைன்னு சாதிக்கிறாங்க. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் குடுத்தா, அடுத்த வாரம் அடுத்த வாரம்னு நழுவுறாங்க."

"அப்படி என்ன பிடிவாதம்?"

"வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அவர் தாங்க மாட்டாராம்."

"நல்லா இருக்கே கதை! பொண்டாட்டி வாய்ல ஆறு வாரமா புண்ணு ஆறல. அதுகூடத் தெரியாம, மூணு வேளையும் தின்னுட்டு ஏப்பம் விடுறானா அந்த மகராசன்? பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுறவனுக்குக் கண்ணு எங்க போச்சு?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதை நீங்களே கேளுங்கண்ணே. நம்பர் அனுப்புறேன். உங்க வாயால நாலு திட்டு வாங்கினாலாவது வழிக்கு வராங்களா பார்ப்போம்."

போனை வைத்ததும் அது ஒருமுறை சிணுங்கியது. நம்பர் வந்துவிட்டது.

"போடும்மா," என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இன்னிக்கு அந்தம்மாவை நான் விடறதா இல்ல."

மனைவி போனின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போட்டாலும் நான்தாங்க எடுக்கணும்" என்றாள்.