அப்பாவுக்கு ஓர் ஆள்

"கையை நீட்டு" என்றாள் அக்கா. வந்த ஆள் நீட்டினான். நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அழுக்கு எதுவும் அகப்படாததில் அவளுக்கு எரிச்சல்.

ஏற்றுமதிக்குப் போகும் சட்டைகளைத் தரம் பார்ப்பது அவள் உத்தியோகம். ஒரு தையல் பிசகினாலும் தூக்கி எறிந்துவிடுவாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தம்பி அனுப்பிய இந்த ஆளிடமும் அவளுக்கு ஒரு பிசகு தேவைப்பட்டது.

"இதுவரைக்கும் எத்தனை பேரைப் பாத்துக்கிட்ட?"

"நாலு பெரியவங்க, மேடம்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"தவறிட்டாங்க மேடம்."

"ம். நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்க."

அப்பா பக்கவாதத்தில் படுத்த நாளிலிருந்து அக்கா விடுப்பில் இருக்கிறாள். நாளைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். போகட்டும் என்று முடிவு செய்துவிட்டாள். பெற்ற அப்பாவைக் கூலிக்காரன் கையில் கொடுத்துவிட்டு ஆபீசில் உட்கார்ந்தால் சோறு இறங்குமா? இவளைப் போல் ஒரு மகள் உண்டா என்று உறவில் எல்லாரும் கேட்டார்கள். அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு வலது பக்கம் விளங்கவில்லை. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுக்க வேண்டும். அவர் தேடி முடிப்பதற்குள் அக்காவே வாக்கியத்தை முடித்துவிடுவாள்.

"நா... நாளைக்கு..." என்றார் அப்பா, கட்டிலில் இருந்தபடி.

"நாளைக்கும் நான்தாம்பா இருப்பேன். கவலையே படாதீங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

குளிக்க வைக்கும் நேரம் வந்தது. "தள்ளி நில்லு" என்று ஆளை அதட்டினாள். "எங்கப்பா யாருன்னு தெரியுமா? பெத்த பொண்ணு முன்னாடிகூட ஒரு நாள் சட்டை இல்லாம நின்னதில்ல. அப்படி மானமா வாழ்ந்த மனுஷனை உன்னை மாதிரி ஒருத்தன் தொடறதா?" என்று சொல்லிக்கொண்டே அவருடைய சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தாள்.

தூக்கும்போது அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. உதவி என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. ஆள் கேட்காமலே அப்பாவை அணைத்துத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனான். கதவையும் சாத்திக்கொண்டான்.

சுவரைப் பிடித்தபடி தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி என்றாலே அவளுக்கு இளக்காரம். என்றைக்காவது வருவான், பழத்தை வைப்பான், போய்விடுவான்.

"அப்பாவைத் தலைமுழுக ஆள் பிடிச்சிருக்கியா?"

"நானா பிடிக்கலக்கா. அப்பாதான் கேட்டார்."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதவர் உங்கிட்ட மட்டும் கேட்டாராக்கும். பொய்யைக் கொஞ்சம் பொருத்தமாச் சொல்லு."

"அவர் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆச்சுக்கா. நான் உக்காந்து கேட்டேன்."

"பெரிய காரியம்தான் பண்ணியிருக்க. என்ன காரணம்னு சொன்னாராம்?"

"காரணம் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டார்."

அப்போது குளியலறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கிளம்பியது. நீளமாக, இழுத்து இழுத்து, தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"கேட்டியா? அழறார். முதல் நாளே அழ வச்சுட்டான்" என்றாள் அக்கா, வெற்றியோடு. போனைக் கட்டிலில் எறிந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி ஓடிக் கதவைத் தள்ளித் திறந்தாள். "பயப்படாதீங்கப்பா, நான் வந்துட்டேன்."

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், உடம்பெல்லாம் சோப்பு நுரை. அவர் அழவில்லை, பாடிக்கொண்டிருந்தார். பாட்டில் பாதி வார்த்தைகளைக் காணோம், ராகம் மட்டும் சரியாக இருந்தது.

அவளைக் கண்டதும் பாட்டு நின்றது. விளங்குகிற இடது கையால் ஆளின் தோளிலிருந்த துண்டை அவசரமாக இழுத்து மடியை மூடிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. இந்த முறை வார்த்தைகளைத் தேடவேயில்லை.

"கதவைச் சாத்தும்மா, ஆம்பளை குளிக்கிறேன்."