திருப்பிக் கொடுக்கும் இலை

பருத்தி இலையை இருபது நிமிடம் வெளிச்சம் படாமல் மூடிக் கவ்வியிருந்த கறுப்புக் கிளிப்பின் மேல், பயிர் ஆராய்ச்சிக்கு வந்திருந்த ஜெபராஜ் இலையின் நலம் அளக்கும் கருவியைப் பொருத்தி வெளிச்சம் பாய்ச்சினான். எண்ணைப் பார்த்துவிட்டு, "இது தண்ணிக்குத் தவிக்குதும்மா" என்றான்.

கிளிப் மாட்டும் வேலைக்கு வந்திருந்த வெள்ளத்தாய் நம்பவில்லை. "பச்சப்பசேல்னுல்லா நிக்கு?"

"வாடுனது கண்ணுக்குத் தெரியறப்போ கதை முடிஞ்சிருக்கும். தவிக்கிற இலைக்கு எதையும் வச்சுக்கத் தெம்பிருக்காது. வாங்குன வெளிச்சத்தத் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சிரும். அத இந்த மிஷினு பாத்துரும்."

அவள் அடுத்த செடிக்குக் குனிந்தாள். நிமிரவில்லை.

"நேத்து எம் மக வந்தா சார். நான் போட்டுவிட்ட கம்மல், தலைதீவாளிச் சேலை, சீர்ல குடுத்த குத்துவெளக்கு, எல்லாத்தையும் இனி எனக்கெதுக்கு, ஒங்கிட்டயே இருக்கட்டும்மான்னு வச்சுட்டுப் போயிட்டா. சிரிச்ச மொகமாத்தான் போனா."

ஜெபராஜ் கருவியை மண்ணிலேயே வைத்தான். அவள் திக்கித் திக்கிச் சொன்ன மகளின் எண்ணைத் தன் போனில் அழுத்தினான். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினான்.

சுற்றிலும் வயல் பச்சைப்பசேலென்று நின்றது.