மாடியில் மூன்றாவது ஆள்

கட்டிலை இழுக்கிற சத்தம். இரண்டு காலடி. அப்புறம் ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"கேட்டீங்களா? ஆரம்பிச்சாச்சு!"

எதிரில் உட்கார்ந்திருந்த தரகரும் அண்ணாந்து பார்த்தார்.

மாடியில் குடியிருப்பது ஒரு நர்ஸும் அவள் புருஷனும். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். இரண்டு பேரும் காலையிலேயே பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்படியிருக்க, தினமும் மத்தியானம் மேலே நடமாடுவது யார்?

"ரெண்டே பேருன்னு சொல்லித்தான் வந்தாங்க. இப்ப மூணாவதா ஒரு ஆள். உள்வாடகைக்கு விட்டிருக்காங்க, வேறென்ன!"

"அவங்களைக் கேட்டீங்களா சார்?"

"கேட்டா சொல்லிடுவாங்களா? முன்னாடி தையல்காரர் குடும்பம் இருந்துச்சே, அதுவும் இதே கதைதான். புருஷனும் பொண்டாட்டியும் கடைக்குப் போயிடுவாங்க. மத்தியானமானா மேல நடமாட்டம். யாருய்யான்னு கேட்டேன், வாயே திறக்கலை. காலி பண்ணுன்னேன். மறுபேச்சு பேசாம சாமானை ஏத்திட்டுப் போயிட்டாரு. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்ல!"

அந்தப் பகுதியில் வீட்டுக்காரருக்கு 'டார்ச்' என்று பெயர். தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவர். சம்பளம் நின்ற பிறகும் அந்த வேலையை விடவில்லை. கையில் டார்ச்சோடு மாடிக்குப் போய், தொட்டிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா, சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவார்.

தரகர் தரகு வாங்கிக்கொண்டு புத்திமதியை இலவசமாகத் தருகிறவர்.

"வீட்டை வாடகைக்கு விட்டா, அதுல நம்ம மூக்கை எடுத்துடணும் சார். மாடிக்குப் போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எதுவா இருந்தாலும் முதல்ல கேளுங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க. அந்தப் பொண்ணு வேற மாசமா இருக்கு. இந்த நேரத்துல வீடு தேடி அலைய வைக்காதீங்க, பாவம்."

"பாவபுண்ணியம் பாத்தா வீட்டைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கய்யா!"

தரகர் எழுந்து போய்விட்டார். வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். அலமாரியைக் குடைந்தார். அங்கே இருந்த மாடியின் மாற்றுச் சாவியைக் காணோம். கேட்கலாம் என்றால் மனைவியும் இல்லை. மத்தியானமானால் அவள் யோகா வகுப்புக்குப் போய்விடுவாள். முதுகுவலிக்காகத் தொடங்கியது. திரும்பி வரும்போது முகம் அத்தனை தெளிவாக இருக்கும். யோகாவின் மகிமையை அவரே நாலு பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவள் இல்லாத அந்த நேரம்தான் அவருக்குப் பொல்லாத நேரம். டீயில் சூடில்லை, துணி சரியாக மடிக்கவில்லை, மின்விசிறியில் தூசி. எல்லாம் கண்ணில் படும், கூப்பிட்டுச் சொல்லத்தான் ஆளிருக்காது.

ஜன்னல் வழியே பார்த்தார். நர்ஸ் வந்துகொண்டிருந்தாள். இன்றைக்கு என்னவோ சீக்கிரமே வருகிறாள். வசமாக மாட்டினாள்!

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார். மாடிப்படி பின்பக்கச் சந்தில் இருந்தது. அவள் மூச்சு வாங்க மேலே ஏறிக் கதவைத் திறப்பதற்கும் அவர் பின்னாலேயே போய் நிற்பதற்கும் சரியாக இருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்த நர்ஸ் சட்டென்று திரும்பி, கதவை மறித்து நின்றாள்.

"என்ன சார்?"

"உள்ள யாரு?"

"யா... யாருமில்ல சார்."

"எனக்கென்ன காதா செவிடு? தள்ளும்மா, நான் பாக்கணும்."

"சாயங்காலம் வாங்க சார். அவரும் வந்துடுவாரு. எங்க வேணாலும் டார்ச் அடிச்சுப் பாருங்க. இப்ப வேண்டாம்."

"இப்ப விட்டா வீட்டையே காலி பண்ண வேண்டியிருக்கும், தெரியுதா?"

அவள் கண் கலங்கிவிட்டது. ஒரு கை தானாக வயிற்றின் மேல் போனது. ஆனால் மற்ற கை கதவை விடவில்லை.

"சரி சார். காலி பண்ணிடறோம். ஆனா இப்ப உள்ள வராதீங்க. சத்தமும் போடாதீங்க."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீடு போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு உள்ளே யார்? அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, அவள் காலுக்குப் பின்னால் டார்ச்சை அடித்தார்.

ஒரு ஜோடி செருப்பு.

இடது செருப்பின் வார் அறுந்து, செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. 'இதுக்குப் போய் யாராவது புதுசு வாங்குவாங்களா?' என்று சொல்லி, அந்தக் கம்பியை முறுக்கிக் கொடுத்தவரே அவர்தான்.

உள்ளேயிருந்து மெல்லிய குறட்டை கேட்டது.

டார்ச் அணைந்தது. அவர் குரலும் இறங்கிவிட்டது.

"யோகா வகுப்புன்னு சொன்னாளே..."

"தூங்கத்தான் சார் வர்றாங்க. வேற ஒண்ணுமில்ல."

"கீழேயும் கட்டில் இருக்கேம்மா?"

"இருக்கு சார். ஆனா கண்ணை மூடினா நீங்க கூப்பிட்டுடுவீங்களாம்."

அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. இதுக்காகவா வயித்துப் புள்ளையோட வீட்டைக் காலி பண்றேன்னு சொன்னே?"

"தையல்காரர் குடும்பமும் சொல்லாமதானே சார் காலி பண்ணிட்டுப் போனாங்க?"