வெள்ளைக் கிண்ணம்

குழாயடியில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த பழமலை பல் துலக்கி, வாய் கொப்பளித்து, மனைவி சொர்ணாம்பாள் நீட்டும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் துப்புகிறார். செம்மண் தரையில் துப்பினால் ரத்தம் தெரியாது என்று அவள் செய்த ஏற்பாடு இது. ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையால்தான் ஈறு கசிகிறது என்று பயந்து, அவர் பிரஷ்ஷையே தொடாமல் கிடந்தார். ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. “ஈறு இப்புடிக் கெட்டுக் கெடந்தா நெஞ்சுக்கும் நல்லதில்லைங்க. பயப்படாம மெதுவாத் தேய்ங்க” என்று பல் டாக்டரம்மா சுத்தம் செய்து அனுப்பியதிலிருந்து தினமும் இந்தச் சோதனைதான். நேற்றுவரை ஒரு சிவப்பு நூலாவது மிதந்தது. இன்று சொர்ணாம்பாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள். நுரை ஒதுங்குகிறது. அடியில் வெள்ளை, வெறும் வெள்ளை. பீங்கான் கம்பெனியில் சூளைச் சாமான்களைக் குறை தேடி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தே பழகிய பழமலை, கிண்ணத்தை வாங்கி அதேபோல் சாய்த்துப் பார்க்கிறார். “ஒரு பொட்டுகூட இல்ல புள்ள. பாஸு!” என்று ஈறு தெரியச் சிரிக்கிறார். சொர்ணாம்பாள் கிண்ணத்தைப் பிடுங்குகிறாள். எச்சில் தம்ளரைக்கூட இரண்டு விரலால் தூக்குகிறவள், அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சுவரோரம் ஓடுகிறாள். “ஜைத்தூன் அக்கா, கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்!” பக்கத்து வீட்டு ஜைத்தூன் பீவி எட்டிப் பார்க்கிறாள். “என்னாடி அது, பாலா?” “எங்க வூட்டுக்காரரு துப்புனது அக்கா!” என்கிறாள் சொர்ணாம்பாள், தெருவுக்கே கேட்கும்படி.