வாரத்துக்கு ஒரு எழுத்து

“வாரத்துக்கு ஒரு எழுத்து போதும் டீச்சர். அதுக்கு மேல வேண்டாம்.”

தேவகனி சிலேட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். இராஜாக்கமங்கலம் சபையில் பெண்களுக்கான ஞாயிறு வகுப்பு தொடங்கி அன்றோடு ஒன்பது வாரம். அவள் ஐயன்னாவுக்கு வந்திருந்தாள்.

ஆசிரியை நேசபாய்க்குப் பொறுமை போய்விட்டது.

“அக்கா, மொத்தம் இருநூத்தி நாப்பத்தேழு எழுத்து இருக்கு. வாரம் ஒண்ணுன்னா கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் ஆகும்.”

“ஆகட்டும். அஞ்சு வருஷத்துல நான் எங்க போயிரப் போறேன்?”

வகுப்பே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவள் பூங்கனி. ஏழே வாரத்தில் பாலபாடத்தை முடித்துவிட்டவள் அல்லவா, சிரிக்கலாம். ‘ஞ’ எது என்று மட்டும் அவளிடம் கேட்கக் கூடாது. “அது போன மாசம் படிச்சதுல்லா” என்பாள்.

வகுப்புக்கு மிஷன் கொடுத்தது பத்துப் புத்தகம், பத்து சிலேட்டு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம். படித்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பூங்கனியுடையது அடுத்த ஆளுக்குப் போயாகிவிட்டது. தேவகனியுடையது இந்த ஜென்மத்தில் வருமா என்று நேசபாய்க்குச் சந்தேகம்.

அந்த நேரம் பார்த்துத் தேவகனியின் கணவர் ஜெபதாஸ் மனைவியை அழைத்துப்போக வந்தார்.

தோப்பும் வயலும் உள்ளவர். சபையின் டீக்கன். ஞாயிறு ஆராதனையில் வேதம் வாசிப்பவரும் அவர்தான். எந்தப் பகுதி என்பதையும் அவரே முடிவு செய்வார். வெண்கலக் குரல். ஆறே வசனமுள்ள பகுதியை வாசித்து முடிப்பதற்குள் நாலு தடவை பக்கத்தைப் புரட்டுவார். அந்தக் கம்பீரத்தில் சபையே சொக்கிப்போகும்.

“கோட்டாத்துக்கு மோட்டார் பஸ்ஸே விட்டாச்சு!” என்றார் வாசலில் நின்றபடி, எல்லோருக்கும் கேட்கும்படி. “நம்ம வீட்டுக்காரி இன்னும் ஐயன்னாவுல நொண்டுகா!”

மறுபடியும் சிரிப்பு. தேவகனி புத்தகத்தையும் சிலேட்டையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். நேசபாய்க்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. வாயை மூடிக்கொண்டு போகிற தேவகனியின் மேலும்தான்.

அடுத்த வாரம் மிஷன் பங்களாவிலிருந்து, வகுப்புக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரைசானியம்மாவின் கடிதம் வந்தது. சனிக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு நேசபாய் ஜெபதாஸ் வீட்டுக்குப் போனாள்.

முற்றத்தில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எதையோ சட்டென்று முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

“அக்கா இல்லையா?”

“தண்ணி எடுக்கப் போயிருக்கா. என்ன விசேஷம் டீச்சர்?”

“புஸ்தகத்தையும் சிலேட்டையும் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன். அக்காவ வகுப்புல இருந்து நிறுத்தணும்.”

ஜெபதாஸின் முகம் சுண்டிப்போனது.

“அது எப்படி டீச்சர்? அவ மெதுவாப் படிக்கட்டுமே. நாத்து நட்ட மறுநாளே அரிவாளத் தூக்கிட்டு வயலுக்குப் போவாவளா?”

நேசபாய் அசந்துபோனாள். மோட்டார் பஸ்ஸை இழுத்துப் பேசிய வாய்தானா இது?

“நான் என்ன செய்யட்டும் டீக்கனாரே? உத்தரவு அப்படி. நீங்களே வாசிச்சுப் பாருங்க.”

கடிதத்தை வாங்கினார். எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். பிறகு கம்பீரமாகப் பின்பக்கத்தைப் புரட்டினார். பின்பக்கம் வெறும் காகிதம்.

“கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியல்ல” என்றார்.

கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

அப்போது தேவகனி குடத்தோடு உள்ளே வந்தாள். புருஷன் கையில் காகிதத்தையும் அவர் நெற்றியில் வேர்வையையும் பார்த்தவள், குடத்தை அவசரமாக இறக்கினாள்.

“இஞ்ச குடுங்க, நான் பாக்கேன்.”

பார்த்தாள். ஒரே மூச்சில் வாசித்தாள்.

“‘பாலபாடத்தில் பாதியாவது முடிக்காதவர்கள், புத்தகத்தையும் சிலேட்டையும் கிறிஸ்மஸுக்கு முன் திருப்பிக் கொடுத்துவிட்டு வகுப்பிலிருந்து விலகிக்கொள்ள வேண்டியது.’”

ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. வாசித்து முடித்த பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்து, தேவகனி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அக்கா!” நேசபாய் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “எல்லாம் தெரியுமா? பின்ன என்னத்துக்கு வாரத்துக்கு ஒரு எழுத்து?”

“அது… எனக்கு மெதுவாப் படிச்சாத்தான் மண்டையில நிக்கும் டீச்சர்.”

“இதுக்கு மேல என்ன நிக்கணும்? முடிச்சாச்சுன்னு எழுதி, புஸ்தகத்த வாங்கிட்டுப் போறேன்.”

“வேண்டாம் டீச்சர்! கடைசி வரிசையில வேணும்னாலும் இருக்கேன். யாரு சிரிச்சாலும் சிரிக்கட்டும். புஸ்தகத்த மட்டும் வாங்கிராதீங்க.”

டீச்சரைப் பார்த்தேதான் கெஞ்சினாள். தப்பித்தவறிக்கூடப் புருஷன் பக்கம் திரும்பவில்லை.

நேசபாய்க்கு மெல்ல அந்த ஆறு வசனமும் நாலு புரட்டலும் நினைவுக்கு வந்தன. கடிதத்தை மடித்தாள்.

பிறகு ஜெபதாஸ் முதுகுக்குப் பின்னாலிருந்து சிலேட்டை எடுத்து முன்னால் வைத்தார். பலகை முழுக்க ஐயன்னா. ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. அவர் விரல் நுனியெல்லாம் வெள்ளை.

“அவள ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சர்.” வெண்கலக் குரல் பாதியாகியிருந்தது. “அவ நல்லா ஓடக்கூடியவதான். எனக்காகத்தான் நொண்டுகா. இந்த ஐயன்னாவுக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் தாங்க.”