ஓவனுக்குப் பின்னால்

“எரிச்சது இவதான். வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க” என்றாள் வீட்டுக்காரம்மா.

சமையல்காரி சுவரோரமாக நின்றிருந்தாள். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. பக்கத்தில், சமையலறை அலமாரிக்குள்ளேயே பதித்து வைத்த மின்சார ஓவன். அதைச் சுற்றியிருந்த பலகை ஒரு பக்கம் முழுக்கக் கரிந்து கிடந்தது. நேற்று மத்தியானம் பிடித்த தீ.

ஓவன் கம்பெனி அனுப்பிய மெக்கானிக் பையைக் கீழே வைத்தான். தீ பிடித்தது யார் தப்பு என்று பார்த்து எழுதித் தர வேண்டியது அவன் பொறுப்பு.

“உங்க ரிப்போர்ட்டுக்குத்தான் காத்திருக்கேன். இவ தப்புன்னு வந்தா இன்னிக்கே கிளம்ப வேண்டியதுதான். இந்தக் கட்டடத்துல வேற யாரும் இவளைச் சேர்த்துக்காம பாத்துக்குவேன்.”

மெக்கானிக் சமையல்காரி பக்கம் திரும்பினான்.

“ஏம்மா, உள்ளே அடியில ஃபாயில் பேப்பர் விரிப்பியா?”

“இல்ல தம்பி. விரிச்சா சூடு கீழேயே தங்கிடும்னு ஓவனோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு. என் பொண்ணு படிச்சுச் சொன்னா.”

“கைப்பிடியில துணி காயப்போடுவியா?”

“மாட்டேன்.”

“எண்ணெய்ப் பிசுக்கை அப்படியே விட்டுடுவியா?”

“வாரத்துக்கு ரெண்டு தடவை துடைப்பேன். ஸ்விட்சை அணைச்சு, நல்லா ஆறின பிறகு, பிழிஞ்ச துணியால. உள்ளே தண்ணி தெளிக்க மாட்டேன்.”

பத்து வருஷ சர்வீஸில் இப்படிப் பதில் சொன்ன ஆளை அவன் பார்த்ததில்லை. படித்த மகராசிகளே அந்தப் புத்தகத்தைப் பிரிக்காமல் பரணில் போட்டுவிட்டு, ஓவனுக்குள் பழைய பாத்திரம் அடுக்கி வைக்கிற காலம்.

“சரி, தீ பிடிச்சதும் என்ன பண்ணே?”

“கதவைத் திறக்கல. தண்ணியும் ஊத்தல. புகை பின்னாடிலேர்ந்துதான் வந்துச்சு. பக்கத்து அலமாரிக்குள்ள இருக்கற பெரிய ஸ்விட்சைப் போய் அணைச்சேன். அப்போ தீ பட்டதுதான் இந்தக் கை.”

“பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல” என்றாள் வீட்டுக்காரம்மா.

“கரண்ட் வேலை. ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே நில்லுங்க.”

திருகுகளைக் கழற்றி ஓவனை முன்னால் இழுத்தான். டார்ச்சை அடித்துப் பின்பக்கம் பார்த்தான். பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கனெக்டருக்குள் விட்டுத் திருகி இறுக்க வேண்டிய தடித்த ஒயரை, யாரோ வெறும் கையால் முறுக்கிக் கறுப்பு டேப்பைச் சுற்றி விட்டிருந்தார்கள். அந்த இடம்தான் சூடேறி, உருகி, பலகையில் தீயை வைத்திருக்கிறது.

யாரோ என்ன யாரோ! ஒயரை இடப்பக்கம் மடக்கி மூன்று முறுக்கு முறுக்குவது அவன் வழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால், கட்டடம் புதிதாக எழும்பியபோது, அவன் மாட்டிய ஓவன் இது. அன்றைக்குப் பார்த்துக் கனெக்டர் தீர்ந்து போயிருந்தது. நாளைக்கு வந்து சரி பண்ணிக்கொள்ளலாம் என்று போனவன், போனவன்தான்.

உள்ளதை எழுதினால் வேலை போய்விடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

கருகிய டேப்பை உரித்துப் பைக்குள் போட்டான். புது ஒயர் இழுத்து, கனெக்டர் வைத்து, இந்த முறை ஒழுங்காக இறுக்கினான். ஓவனை உள்ளே தள்ளிவிட்டு, காகிதத்தை எடுத்து எழுதினான்: ‘உள்ளே எண்ணெய் தேங்கித் தீப்பிடித்துள்ளது. உபயோகித்தவரின் கவனக்குறைவு.’

வீட்டுக்காரம்மா அதை உரக்கப் படித்தாள். “நான் சொல்லல?”

சமையல்காரி மெக்கானிக்கின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். “சரிங்கம்மா” என்றாள். இடது கையால் தன் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

“பாத்தீங்களா, ஒரு வார்த்தை மறுத்துப் பேசறாளா? மடியில கனம்.”

மெக்கானிக்குக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஒருவேளை இவளும் ஏதாவது ஏடாகூடமாகச் செய்திருப்பாளோ? அப்படி நினைத்துக்கொள்ள அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. வெட்கங்கெட்ட மனசு.

கீழே, படிக்கட்டு முடிகிற இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“ரிப்போர்ட்டை இனிமே மாத்த முடியாதும்மா” என்றான் அவசரமாக.

“மாத்த வேணாம் தம்பி. கட்டடம் கட்டினப்போ இங்க கூட்டிப் பெருக்கினவ நான். அப்போ இன்னும் லைட்டு வரல. நீங்க ஓவனை மாட்டறப்போ உங்களுக்கு டார்ச் பிடிச்சது நான்தான். டார்ச் பிடிச்சவ மூஞ்சி யாருக்கு ஞாபகம் இருக்கப் போவுது!”

அவன் பையைக் கீழே வைத்தான்.

“நேத்து பின்னாடி புகையைப் பாத்ததும் அந்த டேப்புதான் நெனப்புக்கு வந்துச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

“அப்போ... அந்தம்மாகிட்ட ஏன் நீங்க ஒண்ணும் சொல்லல?” முதல் தடவையாக ‘நீங்க’ என்றான்.

“நான் சொன்னா யாரு நம்புவா? நம்பினாலும், உங்களை வேலையை விட்டு அனுப்பிட்டு உங்க கம்பெனி விஷயத்தை அமுக்கிடும். அன்னிக்கு நீங்க டேப்பு சுத்தினது எட்டு வீட்டுல, தம்பி. எந்தெந்த வீடுன்னு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும், எனக்கு இனிமே உள்ளே போக வழியில்ல... ரெண்டாவது மாடியில கைக்குழந்தை இருக்கு, முதல்ல அங்க போங்க.”