வேண்டாத மெயில்

"இன்னிக்கும் பதினேழு வந்திருக்கு, சிந்து."

ஜ்யோத்ஸ்னா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். பத்து நாளாக இதே ரோதனை. கடன் வேண்டுமா, லாட்டரி விழுந்திருக்கிறது என்று வருகிற குப்பையைப் படிக்காமலே அழித்துவிடலாம். இது ஏதோ கல்யாண சைட்டிலிருந்து. 'உங்களுக்கேற்ற வரன்கள்' என்று அவள் பெயரைப் போட்டே வருகிறது.

கணவன் கௌஷிக் போய் இரண்டு வருஷம். டெல்லி லோதி ரோட்டில் அவன் ஆபீஸிலேயே கருணை அடிப்படையில் இவளுக்கு வேலை கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸும் இவள் பெயருக்கு மாறியது. மாமனார் வைத்தி, மாமியார் ருக்மிணி, இருவரும் இவளோடுதான். அப்படிப்பட்டவளிடம் விளையாட எவனுக்கு மனசு வரும்?

"அந்த ஸ்ரீதர்தான். ஆபீஸ்ல எல்லாரையும் கிண்டல் பண்றவன் அவன் ஒருத்தன்தான். கம்ப்ளெயின்ட் எழுதிட்டேன். லஞ்சுக்கு அப்புறம் டைரக்டர் கையில கொடுத்துடுவேன்."

பக்கத்து சீட் சிந்து பதறினாள். "அவன் வேலைக்கே உலை வெச்சிடும், ஜ்யோ. முதல்ல மெயிலை நிறுத்து. அடியில 'பதிவை நீக்க'ன்னு இருக்கு பார்."

"பாஸ்வேர்டு கேக்கறதே."

"மறந்துபோச்சுன்னு அமுக்கு, உனக்கே மெயில் வரும். உள்ளே போனா யார் பதிவு பண்ணினாங்கன்னும் தெரிஞ்சிடும்."

"மாமா காதுல மட்டும் இது விழவே கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர். தாங்க மாட்டார்."

"அச்சா, நான் வாயே திறக்கலை."

பக்கம் திறந்தது. ஜ்யோத்ஸ்னாவின் போட்டோ. குதுப் மினாரில் எடுத்தது. பக்கத்தில் நின்ற கௌஷிக்கை வெட்டியிருந்தார்கள். அவள் தோளில் அவன் விரல்கள் மட்டும் மிச்சம்.

"இது எங்காத்து ஆல்பத்துல இருக்கறதாச்சே." அவள் குரல் இறங்கிவிட்டது.

பதிவு செய்தவர் என்ற இடத்தில் 'பெண்ணின் அப்பா' என்றிருந்தது. ஜ்யோத்ஸ்னாவின் அப்பா, அவள் காலேஜில் படிக்கும்போதே காலமானவர்.

சிந்து பக்கத்தைக் கீழே நகர்த்தினாள்.

அப்பா பெயர் வைத்தி. அம்மா பெயர் ருக்மிணி. தனக்கென்று மெயில் இல்லாத மனுஷர், கேட்ட இடத்தில் மருமகளுடையதையே கொடுத்திருக்கிறார்.

ஜ்யோத்ஸ்னா கடைசிக் கட்டத்தைப் படித்தாள்.

'எங்கள் பெண் நன்றாகச் சிரிப்பாள். இரண்டு வருஷமாகச் சிரிப்பதில்லை. அவளைச் சிரிக்க வைக்கிற பிள்ளையாக இருந்தால் போதும். எங்களால் மாப்பிள்ளைக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. கல்யாணத்துக்கு மறுநாளே வீட்டை அவர்களிடம் விட்டுவிட்டு நாங்கள் ஊருக்குப் போய்விடுகிறோம்.'